சர்ச்சைக்குரிய பேச்சாளர், உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்பு: வளாக நிகழ்ச்சியை எப்படி நடத்துவது?

"அழைப்பிதழ்" என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

எங்கள் மாணவர் மன்றம் அடுத்த மாதம் வளாகத்தில் ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டிருக்கிறது. யார், எந்தப் பக்கம் என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் இந்த இழை அவரைப் பற்றிய சண்டையாகிவிடும்.

300 இருக்கை அரங்கம். 40 நிமிடம் பேச்சு, 30 நிமிடம் கேள்வி பதில். அறிவிப்பு வந்ததுமே இரண்டு மாணவர் அமைப்புகள் எதிர்ப்பு என்று சொல்லிவிட்டன. ஒரு அமைப்பு வாசலில் முழக்கம் போடப்போகிறது. இன்னொன்று "உள்ளே வருவோம், பேசவிட மாட்டோம்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறது. நிர்வாகமோ எதையும் எழுத்தில் தராமல் வாய்மொழியாக நழுவிக்கொண்டே இருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை: எதுவரை எதிர்ப்பு, எங்கே அது இடையூறு ஆகிறது? உள்ளே கூச்சல் எழுந்தால் யார், எந்த வரிசையில், என்ன செய்ய வேண்டும்? எதிர்ப்பாளர்களுக்கு எந்த இடம் கொடுப்பது நியாயம்? அவர்களை ஒடுக்குவதும் எங்கள் நோக்கம் கிடையாது.

---

நடுவரிசை பதில்:

"அநாகரிகமாக எதிர்த்தார்கள்" என்பது விதிமீறல் ஆகாது என்பதிலிருந்து தொடங்குவோம். பேச்சாளரை முகத்துக்கு நேரே சாடும் அட்டை, முதுகைக் காட்டி நிற்பது, வாயில் கறுப்பு நாடா, கூட்டமாக எழுந்து வெளியேறுவது, கசப்பான கேள்வி, ஒரு வரியைக் கேட்டதும் எழும் கூச்சல், இவை எல்லாமே பேச்சுரிமைக்குள் வரும். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: வந்தவர்களுக்குப் பேச்சு காதில் விழுகிறதா, மேடை கண்ணில் படுகிறதா, உள்ளே நுழையவும் வெளியே போகவும் முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது எதிர்ப்பு. ஒன்று தொடர்ந்து தடைபட்டாலும் இடையூறு. "தொடர்ந்து" என்பதில் அழுத்தம் கொடுங்கள். பத்து நொடிக் கூச்சலுக்கு ஆளை வெளியேற்றும் அமைப்பாளர்தான் பெரும்பாலும் நிகழ்ச்சியைக் கெடுப்பவர்.

ஆனால் ஆளுக்குப் பத்து நொடி என்று பங்கு போட்டுக்கொண்டு வந்தால் கதை வேறு. 2010 பிப்ரவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இஸ்ரேல் தூதர் பேசியபோது மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து கத்தி, ஒவ்வொருவராக வெளியே கொண்டுசெல்லப்பட்டார்கள். 2011 செப்டம்பரில் ஜூரி அவர்களில் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. முன்கூட்டித் திட்டமிட்ட கூட்டுச் செயல் என்பதுதான் அரசுத் தரப்பின் வாதம். இதைக் குற்றவழக்காக்கியதே மிகை என்று அங்கத்திய பேராசிரியர்கள் பலர் கூட்டாக எதிர்த்தார்கள், என் கருத்தும் அதுதான். வளாக ஒழுங்கு நடவடிக்கையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். எதிர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, "நான் ஒரு வரிதானே சொன்னேன்" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

மறுபக்கம், பேச்சாளருக்கும் எல்லை உண்டு. அவர் பேசுவது புண்படுத்தும் என்பது போதாது. அமெரிக்காவில் 1969-இன் பிராண்டன்பர்க் தீர்ப்பு வைத்த கோடு மிக உயரம்: உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடந்துவிடும் வாய்ப்பும் சேர்ந்து இருக்க வேண்டும். பிற நாடுகளில் கோடு அதைவிடத் தாழ்வு. பொதுவாகப் பிடித்துக்கொள்ள ஐ.நா. வழி உருவான 2012-இன் ரபாத் செயல்திட்டம் உதவும். சூழல், பேசுபவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவும் அளவு, தீங்கு நேரும் வாய்ப்பு என்று ஆறு அம்சங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஒரு பழைய ட்வீட்டைக் காட்டி "இவர் வெறுப்புப் பேச்சாளர், அழைப்பை ரத்து செய்" என்பது இந்த ஆறில் ஒன்றைக்கூடச் சரியாகத் தொடுவதில்லை.

எந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தும் என்பது இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் பேச்சுரிமை தரும் அரசமைப்பின் முதல் திருத்தம் அரசுப் பல்கலைக்கழகங்களைத்தான் நேரடியாகக் கட்டும். தனியார் நிறுவனம் பெரும்பாலும் தன் கைப்புத்தகத்தில் தந்த வாக்குறுதிக்குத்தான் பொறுப்பு. இந்தியாவில் அரசமைப்பின் 19(1)(அ) பேச்சுக்கு, 19(1)(ஆ) ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதற்கு. இரண்டும் அரசமைப்பின் 12-ஆம் பிரிவு சொல்லும் "அரசு" என்ற வரையறைக்குள் வரும் நிறுவனத்துக்கு எதிராகத்தான் வலுவாக நிற்கும். இங்கிலாந்தில் 2023-இன் உயர்கல்வி பேச்சுரிமைச் சட்டம், அதன் முக்கியக் கடமைகள் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ளன. எங்கே இருந்தாலும் முதல் வேலை உங்கள் வளாகக் கைப்புத்தகத்தை எடுத்து "நிகழ்ச்சி", "ஒலிபெருக்கி", "கூட்டம்", "இடையூறு" என்ற நான்கு சொற்கள் வரும் பக்கங்களை அச்செடுப்பது. வாய்மொழியாக நழுவும் நிர்வாகம் அச்சடித்த பக்கத்தைக் கண்டால் பேச்சை மாற்றும்.

விதி போடுகிறீர்கள் என்றால் நேரம், இடம், முறை மூன்றை மட்டும் தொடுங்கள். 1964-இல் பெர்க்லி மாணவர் போராட்டத்தின் முடிவில் அங்கத்திய பேராசிரியர் மன்றம் டிசம்பர் 8 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தின் சாரமும் இதுதான். பேச்சின் உள்ளடக்கத்தில் கைவைக்காதே, நேரம் இடம் முறையை மட்டும் நியாயமாக ஒழுங்குபடுத்து. எழுதிய விதி நடுநிலையானதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இந்தப் பேச்சாளர் பெயரை அடித்துவிட்டு, உங்கள் மன்றத்துக்கு அறவே ஆகாத ஒருவர் பெயரை எழுதி மறுபடி வாசியுங்கள். அப்போது ஏதாவது ஒரு வரி உறுத்தினால் அந்த வரி பழுது.

---

மேடைப்பின் பதில்:

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நிகழ்ச்சி கெடுவது பெரும்பாலும் டிக்கெட்டிலும் கதவிலும் மைக்கிலும்தான்.

டிக்கெட்: இலவசப் பதிவு என்றால் எதிர்ப்பாளர்கள் மொத்தமாகப் பதிந்துவிட்டு வராமலே இருப்பார்கள். படத்தில் வெறும் நாற்காலி தெரியும். இது சட்டப்படி குற்றமில்லை, தடுக்கவும் வேண்டாம், சமாளித்தால் போதும். அடையாள அட்டைக்கு ஒரு டிக்கெட். தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வராதவர் இருக்கை காத்திருப்பு வரிசைக்குப் போகும் என்று பதிவுப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஆளைப் பார்த்து, சட்டையில் உள்ள வாசகத்தைப் பார்த்து வடிகட்டாதீர்கள். ஒருவரை அப்படித் திருப்பி அனுப்பினாலே "எல்லாருக்கும் ஒரே விதி" என்ற உங்கள் பேச்சு பொய்யாகிவிடும்.

கதவு: எதிர்ப்புக்கு அஞ்சி பக்கக் கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். இதைவிட ஆபத்தான வேலை இல்லை. வெளியேறும் கதவு எப்போதும் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால், உள்ளே இருக்கும் ஒருவர் அதே கதவைத் தள்ளித் திறந்து வெளியே நிற்கும் முப்பது பேரை உள்ளே விடுவார். அதற்குப் பூட்டு தீர்வாகாது, கதவுக்கு ஒரு ஆள்தான் தீர்வு. ஒவ்வொரு வெளியேறும் கதவிலும் உள்பக்கம் ஒருவர், பேச்சு முடியும்வரை நகராமல். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 101 கூட்டத்துக்கு 250 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற கூட்ட மேலாளர் கேட்கிறது. உங்கள் 300-க்கு இரண்டு பேர். கதவுக்காரர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். நடைபாதையில் யாரும் உட்காரக் கூடாது, ஆதரவாளராக இருந்தாலும்.

தீ அலாரம்: இதை நினைத்துப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். 2017 மார்ச்சில் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் எழுத்தாளர் சார்லஸ் முர்ரேயின் பேச்சு கூச்சலில் நின்றுபோனது. வேறொரு அறையிலிருந்து நேரலை செய்யும் மாற்றுத் திட்டம் தயாராக இருந்தது, ஆனால் அங்கும் அலாரத்தை இழுத்து விட்டார்கள். கடைசியில் கட்டடத்தை விட்டு வெளியேறும்போதுதான் கைகலப்பு, உரையாடலை நடத்திய பேராசிரியர் காயப்பட்டார். மாற்று அறை மட்டும் போதாது, வெளியேறும் வழியும் கூட்டத்தைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் பாடம். அலாரம் அடித்தால் பொய் என்று தெரிந்தாலும் வெளியேற்றத்தான் வேண்டும். எங்கே கூடுவது, யார் சரிபார்ப்பது, திரும்ப நுழையும்போது டிக்கெட்டை எப்படிப் பார்ப்பது என்பதைக் கட்டட மேலாளரிடம் முன்பே பேசி வையுங்கள். கார் முன்வாசலில் நிற்க வேண்டாம். மேடைக்குப் பின்னால் உள்ள அறையிலிருந்து நேரே ஏறும்படி நிற்கட்டும்.

ஒலி: சட்டையில் குத்தும் மைக் பொதுவாக எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் எடுக்கும். இந்த மாதிரிக் கூட்டத்துக்கு ஆகாது. வாயருகே பிடிக்கும், முக்கியமாக முன்பக்கச் சத்தத்தை எடுக்கும் கார்டியாய்ட் மைக் கொடுங்கள். கூச்சல் எழுந்ததும் ஒலிக்காரர் பழக்கதோஷத்தில் வால்யூமை ஏற்றுவார். கூட்டமும் ஏற்றும், மைக் கீச்சிடும், அதோடு கட்டுப்பாடு போச்சு. அவருக்கு முன்பே சொல்லுங்கள்: கூச்சல் என்றால் ஃபேடர் அப்படியே இருக்கட்டும், தொடாதே. அறிவிப்பாளருக்குத் தனி மைக் ஒலி மேசையருகே எப்போதும் தயாராக இருக்க வேண்டும். நேரலைக்கு மிக்சரிலிருந்து நேரடி இணைப்பு. அரங்கில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் வீட்டில் பார்ப்பவருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

கேள்வி நேரம்: மைக்கைக் கையில் கொடுக்காதீர்கள். வாலண்டியர் பிடித்துக்கொள்ள, கேட்பவர் பேசட்டும். கேள்விக்கு 60 நொடி, பதிலுக்கு 2 நிமிடம். 30 நிமிடத்தில் பத்துக் கேள்வி வரும். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். முதல் மூன்று கேள்விகள் பேச்சாளரோடு உடன்படாதவர்களுக்கு என்றும் சொல்லிவிடுங்கள். மைக் தன் கைக்கு வரும் என்று நம்பிக்கை இருப்பவர் நடுவில் கத்துவது குறைவு. நெறியாளர் பேச்சாளரின் ரசிகராக இருக்கக் கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை.

கூச்சல் எழுந்தால்: முதல் 30 நொடி ஒன்றும் செய்யாதீர்கள். பேச்சாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள், நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், பதிலுக்குச் சீண்ட வேண்டாம் என்று. (சிலர் இந்த மோதலுக்காகவே வருகிறார்கள். அந்தத் துண்டு வீடியோதான் அவர்களுக்குச் சம்பளம். அப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் இந்த வேண்டுகோளை அழைப்புக் கடிதத்திலேயே போடுங்கள்.) அடங்கவில்லை என்றால் கீழே உள்ளதை வாசியுங்கள். தாளில் இருப்பதை அப்படியே, சொந்தச் சரக்கு சேர்க்காமல்.

முதல் அறிவிப்பு: "உங்கள் எதிர்ப்பு எல்லாருக்கும் கேட்டது. அட்டை காட்டலாம், எழுந்து ஓரமாக நிற்கலாம், வெளியேறலாம், கேள்வி நேரத்தில் கேட்கலாம். பேச்சு கேட்காதபடி தொடர்வது வளாக விதிக்கு எதிரானது. இப்போது தொடர்கிறோம்."

இரண்டாவது: "இது இரண்டாவது அறிவிப்பு. இனியும் தொடர்பவர்களை வெளியேறச் சொல்வோம். அவர்கள் மீது விதிப்படி புகாரும் வரலாம்."

மூன்றாவது, பொதுவாக அறிவிப்பது இல்லை, ஆளுக்கு ஆள். அடையாள அட்டை அணிந்த வளாக ஊழியர் இருவர் அந்த இருக்கைக்குப் போய் தாழ்ந்த குரலில் "வெளியே வாருங்கள்" என்று கேட்பார்கள். வாலண்டியர் யாரும், பார்வையாளர் யாரும் யாரையும் தொடக் கூடாது. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து செய்தால் ஆளைத் தூக்காமல் நிகழ்ச்சியைப் பத்து நிமிடம் இடைநிறுத்துங்கள், பிறகு மாற்று அறையும் நேரலையும். காவல்துறையைக் கூப்பிடுவது ஒரே ஒருவரின் முடிவாக இருக்க வேண்டும், அவர் பெயரும் எண்ணும் முன்பே எல்லாரிடமும் இருக்க வேண்டும்.

முடிவெடுப்பவரும் நெறியாளரும் வேறு வேறு ஆட்கள். முடிவெடுப்பவர் பேச்சின் உள்ளடக்கம் பற்றி அரங்கில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. 2023 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்ட் சட்டப் பள்ளியில் ஒரு நீதிபதியின் பேச்சு கூச்சலில் சிக்கியபோது இதுதான் பிசகியது. அங்கிருந்த அதிகாரிகள் "இது விதிமீறல்" என்று உரிய நேரத்தில் எச்சரிக்கவில்லை. ஒருவர் மேடையேறிப் பேச்சாளரின் கருத்துகளைப் பற்றியே பேசினார். பிறகு பள்ளி மன்னிப்புக் கேட்டது. எச்சரிக்கை கொடுக்காததால் மாணவர்கள் மீது தனித்தனியாக நடவடிக்கை எடுப்பதும் கடினமாயிற்று.

நேரக் குறிப்பு எழுத ஒருவரை உட்காரவையுங்கள். "6.42 கூச்சல், 6.43 முதல் அறிவிப்பு" என்ற அளவில் போதும். பின்னால் யார் புகார் கொடுத்தாலும் இந்த ஒரு தாள்தான் நிற்கும்.

---

எதிர்வரிசை பதில்:

மேலே இரண்டு நண்பர்களும் எழுதியது உபயோகமானதுதான், ஆனால் இரண்டுமே மேடையிலிருந்து பார்த்தவை. வாசலில் நிற்பவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளாகங்களில் நடக்கும் பித்தலாட்டத்தில் பாதி "எதிர்ப்புக்கென ஒதுக்கிய இடம்" என்ற பெயரில்தான் நடக்கிறது. வாகன நிறுத்தத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத புல்தரையைக் காட்டி "உங்கள் உரிமையை மதித்தோம்" என்பார்கள்.

ஐ.நா. மனித உரிமைக் குழுவின் 2020-ஆம் ஆண்டுப் பொதுக்கருத்து எண் 37-ஐ எடுத்துக் காட்டுங்கள். கூடுபவர்கள் யாரை நோக்கிக் கூடுகிறார்களோ, இயன்றவரை அவர்கள் பார்வைக்கும் செவிக்கும் எட்டும் இடத்தில் கூட முடிய வேண்டும் என்கிறது. வெறும் தள்ளுமுள்ளு, நடமாட்டத்துக்கு வரும் தடங்கல் இவை வன்முறை ஆகாது என்கிறது. சிலர் செய்த வன்முறையை மொத்தக் கூட்டத்தின் மீதும் ஏற்றக் கூடாது என்கிறது. முன்தகவல் கேட்கலாம், ஆனால் அது அனுமதி கேட்பதாக மாறக் கூடாது என்கிறது. திடீரென்று கூடுவோருக்கு முன்தகவல் சாத்தியமே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறது. உங்கள் நிர்வாகத்தை இது கட்டுப்படுத்துமா என்பது வேறு கேள்வி, ஆனால் "உலகத்தில் எங்கேயும் இப்படி இல்லை" என்ற பேச்சை அடைக்கும்.

நடைமுறையில், வாசலிலிருந்து 15 முதல் 20 மீட்டர், வரிசையில் நிற்போர் கண்ணில் படும்படி, ஆனால் வரிசை எதிர்ப்பாளர்கள் நடுவே ஊர்ந்து போகாதபடி ஒரு பக்கம். தரையில் நாடா ஒட்டி ஒரு கோடு. 2 மீட்டர் அகல நுழைவுப் பாதை எப்போதும் காலி. அவ்வளவுதான் வேண்டும். மெகாஃபோனைப் பற்றி அலறுகிறார்கள், கணக்குப் பாருங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் என்றால் 10 மீட்டரில் 80, 20 மீட்டரில் 74, 40 மீட்டரில் 68. சன்னலை மூடினால் சுவர் இன்னும் நிறையக் குறைக்கும். அரங்குக்குள் மைக்கில் பேசுபவரை அது மூழ்கடிக்காது. தொல்லை தருவது பறையும் டிரம்மும், தாழ்ந்த அலைகள் சுவரைத் தாண்டும். அதனால் பேச்சு தொடங்கும்வரை பறை, தொடங்கிய பிறகு குரலும் மெகாஃபோனும் மட்டும் என்று பேசி முடிக்கலாம். இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஏற்பாடு இது.

ஆதரவாளர் கூட்டமும் வருகிறது என்றால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். கட்டடத்தின் வேறு வேறு பக்கம், வேறு வேறு பாதை, கலையும் நேரமும் பதினைந்து நிமிடம் முன்பின். அடிதடி நடப்பது பெரும்பாலும் முழக்கத்தின்போது இல்லை, கலைந்து போகையில், பாதை குறுகும் இடத்தில்.

எதிர்ப்பாளர்களுக்கு: இருபது பேருக்கு ஒரு தொண்டர், ஒரே நிறத்து மேலங்கி. அட்டைக்கு மரக்கம்பு வேண்டாம், சுருட்டிய காகிதக் குழாய் போதும், கம்பைச் சாக்காகக் காட்டி மொத்தத்தையும் பறிப்பார்கள். அரங்குக்குள் மார்பளவில் பிடிக்கும் ஏ3 அட்டை, பின்வரிசையிலும் ஓரச் சுவரிலும். முன்வரிசையில் தூக்கிப் பிடித்தால் பின்னால் உள்ளவருக்கு மேடை மறையும், அதை வைத்தே வெளியேற்றுவார்கள். முகக்கவசத்தை முழுக்கத் தடை செய்யும் விதி வந்தால் எதிர்த்துக் கேளுங்கள். உடல்நலம், பின்னால் வரும் இணையத் துன்புறுத்தல் இரண்டுமே நியாயமான காரணங்கள். ஊழியர் கேட்டால் அடையாள அட்டை காட்டுவது என்ற அளவோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்.

"பேசவிட மாட்டோம்" போஸ்டர் ஒட்டியவர்களுக்கு ஒன்று. பேச்சை நிறுத்தினால் மறுநாள் செய்தி உங்கள் கூச்சலைப் பற்றியதாக இருக்கும், அவர் சொல்ல வந்ததைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஐந்தாவது நிமிடத்தில் நூறு பேர் சத்தமில்லாமல் எழுந்து போனால் மீதி 35 நிமிடமும் அவர் வெறும் நாற்காலிகளுக்குப் பேச வேண்டும். அதைவிடவும் நல்லது வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு துண்டறிக்கை. அரைப் பக்கம், அவர் எழுதியதிலிருந்தோ பேசியதிலிருந்தோ மூன்று இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. கேள்வி நேரத்தில் அந்த மூன்றும் யார் வாயிலிருந்தாவது வந்தே தீரும், உங்களை அறியாதவர் வாயிலிருந்தும். அதே நேரத்தில் பக்கத்து அரங்கில் மாற்றுக் கூட்டம் போடுவதும் நல்லதுதான், ஆனால் ஆள் பிரியும்.

மேடைப்பின் சொன்ன "முதல் அறிவிப்பு" வாசகம் பிடித்திருக்கிறது. எதைச் செய்யலாம் என்று முதலில் சொல்கிறது. அதிகாரிகள் வாசிக்கும் அறிவிப்புகள் பொதுவாக மிரட்டலில்தான் ஆரம்பிக்கும்.

---

அழைப்பிதழ் மறுபடி:

எல்லாருக்கும் நன்றி. நாடா ஒட்டும் யோசனையையும் பறை ஏற்பாட்டையும் இரண்டு அமைப்புகளிடமும் பேசினோம். வாசலில் நிற்பவர்கள் ஒப்புக்கொண்டார்கள், உள்ளே வருபவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இதற்கிடையில் நிர்வாகக் கடிதம் வந்துவிட்டது. "எதிர்ப்பு எதிர்பார்க்கப்படுவதால் கூடுதல் பாதுகாப்புச் செலவை மன்றமே ஏற்க வேண்டும், தவறினால் நிகழ்ச்சி தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படும்." இதற்கு எப்படிப் பதில் எழுதுவது?

---

நடுவரிசை பதில்:

கடிதத்தின் முதல் இரண்டு சொற்களிலேயே பிழை இருக்கிறது. "எதிர்ப்பு எதிர்பார்க்கப்படுவதால்" என்றால், எதிர்ப்பவர் எவ்வளவு சத்தம் போடுகிறாரோ அவ்வளவு கட்டணம் என்று ஆகிறது. பிடிக்காத பேச்சாளருக்கு எதிராகப் போஸ்டர் ஒட்டினாலே அவரை அழைப்பவர்களுக்குச் செலவு ஏறும். கூச்சல் போடுபவர் கையில் ரத்து அதிகாரத்தைக் கொடுப்பது என்பது இதுதான்.

1992-இல் ஃபோர்சித் கவுன்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை நேராகவே எடுத்தது. ஊர்வலத்துக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை அதிகாரி தன் விருப்பப்படி கட்டணம் வைக்கலாம் என்ற உள்ளூர் விதியை ரத்து செய்தது. கேட்பவர் எப்படிக் கொதிப்பார் என்பதை வைத்துக் கட்டணம் வைப்பது உள்ளடக்கத்தை வைத்துக் கட்டணம் வைப்பதே என்பது காரணம். இங்கிலாந்தின் 2023 சட்டமும் விதிவிலக்கான சூழலில் தவிர பாதுகாப்புச் செலவை அமைப்பாளர் தலையில் கட்டக் கூடாது என்கிறது. இந்தியாவில் 1989-இன் எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் தீர்ப்பு, ஒரு தமிழ்த் திரைப்படத்துக்கு எதிர்ப்பு எழுந்ததால் வந்த வழக்கு. ஆர்ப்பாட்டம், ஊர்வலம் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்க முடியாது, பகைமையுள்ள கூட்டத்தைச் சமாளிக்க எங்களால் இயலாது என்று அரசு கைவிரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று நாட்டிலும் அடிப்படை ஒன்றே: கலவரம் செய்வதாக மிரட்டுபவரைக் கட்டுப்படுத்து, பேசுபவரை நிறுத்தாதே.

எதை வசூலிக்கலாம்? அரங்க வாடகை, ஒலி ஒளி, துப்புரவு, வருகைக் கணக்கை வைத்து எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே விகிதத்தில் வரும் காவலர் கட்டணம். இவற்றைக் கட்டத் தயார் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அடுத்து மூன்று கேள்வி: இந்தக் கட்டணம் எந்த விதியின் எந்தப் பிரிவில் உள்ளது, எப்போது வெளியிடப்பட்டது? கடந்த ஈராண்டில் இதே அரங்கில் 250 பேருக்கு மேல் வந்த நிகழ்ச்சிகளில் எவற்றுக்கு இதை வசூலித்தீர்கள்? தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது, எத்தனை காவலர், எத்தனை மணி நேரம்? பதிலுக்கு ஏழு நாள் கொடுங்கள். கோபமான பெயரடை ஒன்றுகூட வேண்டாம்.

ஒத்திவைப்பு பற்றித் தனிப் பத்தி. தேதி இல்லாத ஒத்திவைப்பு ரத்துதான். குறிப்பான, நம்பத்தகுந்த மிரட்டல் இருந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். அரங்கை மாற்றுதல், நேரத்தை மாற்றுதல், வளாக அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் நுழைவு, நேரலை, இந்த நான்கும் பரிசீலிக்கப்பட்டனவா, ஏன் போதவில்லை என்று கேளுங்கள். அப்படியும் தள்ளத்தான் வேண்டும் என்றால் புதுத் தேதியோடு தள்ளட்டும்.

இன்னொன்று. நிர்வாகம் பயப்படுவது பெரும்பாலும் "பல்கலைக்கழகமே இவரை ஆதரிக்கிறது" என்ற பெயருக்குத்தான். அதற்கு ஒரு வழி கொடுங்கள்: "அழைத்தது மாணவர் மன்றம், கருத்துகள் பேச்சாளருடையவை" என்ற வரியை எல்லா போஸ்டரிலும் போடுகிறோம் என்று எழுதுங்கள். 1967-இன் சிகாகோ பல்கலைக்கழக கால்வன் அறிக்கை வைத்த வழி இது. நிறுவனம் நடுநிலை காக்கட்டும், பேராசிரியரும் மாணவரும் தம் பெயரில் எதையும் பேசட்டும். பேச்சாளரைக் கண்டித்து எழுத விரும்பும் டீன் தாராளமாகத் தன் பெயரில் எழுதலாம், அன்று மாலை கதவைத் திறந்து வைத்தால் சரி.

---

மேடைப்பின் பதில்:

ஒன்று விட்டுப்போனது, வீடியோ. பின்சுவரில் ஒரே கேமரா, மேடையை மட்டும் பார்த்து. கூட்டத்தைத் திருப்பிப் படமெடுக்காதீர்கள். கேள்வி கேட்பவர் முகம் வர வேண்டாம், குரல் போதும், எதிர்ப்பவரும் துணிந்து கேட்பார். படம் எடுக்கப்படுகிறது என்று வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். நேரலையில் கமெண்ட் பகுதியை மூடிவிடுங்கள், 20 நொடித் தாமதம் வையுங்கள், யாராவது ஒரு மாணவரின் பெயரையோ எண்ணையோ கத்தினால் அறுக்க நேரம் கிடைக்கும். வெட்டாத முழுப் பதிவை அன்றிரவே ஏற்றுங்கள், நேரக் குறிப்பையும் அதன் கீழேயே. அதற்குள் மூன்று துண்டு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கும்.